ரோல் நம்பர் 47-க்கு ரெண்டு 'யெஸ் சார்'!

இந்த வாரம் நம்ம பக்கத்துல ஒரு துப்பறியும் வேலை. தொப்பி, கோட்டு, பூதக்கண்ணாடி எதுவும் வேணாம். ஒரு கமாண்ட் விண்டோ, ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா... அவ்வளவுதான்!

முதல்ல கேஸ் என்னன்னு பார்ப்போம். லேப்ல உட்கார்ந்திருக்கீங்க. நெட்வொர்க் ரெண்டு நிமிஷம் ஜோரா ஓடுது. அப்புறம் தொங்குது. மறுபடி ஓடுது. பக்கத்து சீட்டுல எந்தப் பிரச்னையும் இல்ல. நீங்க கேபிளைக் கழட்டி, ஊதி, திரும்ப மாட்டுறீங்க. ரீஸ்டார்ட் பண்றீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி அதே கூத்து. பின்னாடி பெஞ்சுலேருந்து ஒரு குரல்: "வைரஸ் மச்சி, ஃபார்மட் அடிச்சிடு!"

பொறுங்க பாஸ். ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்குங்க. உங்க ஐபி அட்ரஸை வெச்சுக்கிட்டு அதே நெட்வொர்க்ல இன்னொரு மெஷின் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கலாம்!

குரல் கேட்டா டிக்!

அட்டென்டன்ஸ் எடுக்கிற சீனை நினைச்சுப் பாருங்க. சார் தலையை நிமிர்த்தாம "நாற்பத்தேழு" என்பார். எங்கேருந்தோ ஒரு "யெஸ் சார்" வரும். டிக்! முகத்தைப் பார்க்கிறது இல்ல. அதனாலதானே 'ப்ராக்ஸி'ங்கிற மகத்தான கலை நம்ம கேம்பஸ்கள்ல தலைமுறை தலைமுறையா வாழ்ந்துக்கிட்டு இருக்கு!

லோக்கல் நெட்வொர்க்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒவ்வொரு மெஷினுக்கும் ரெண்டு அடையாளம் உண்டு. ஐபி அட்ரஸ்ங்கிறது ரோல் நம்பர் மாதிரி. யாரோ கொடுக்கிறது, மாத்திக்கலாம். மேக் அட்ரஸ்ங்கிறது நெட்வொர்க் கார்டு தயாராகும்போதே கூட வர்ற 48 பிட் நம்பர். அதுல முதல் 24 பிட் பொதுவா எந்தக் கம்பெனி தயாரிப்புன்னு காட்டிக்கொடுத்துடும். கம்பெனிகளுக்கு அந்த நம்பர்களைப் பிரிச்சுக் கொடுக்கிறது ஐ.இ.இ.இ. அமைப்பு.

ஒரே லேன்ல இருக்கிற ரெண்டு மெஷின் பேசிக்கணும்னா ஐபி மட்டும் போதாது, மேக் அட்ரஸ் தெரிஞ்சாகணும். அதுக்காக ஒரு மெஷின் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தும்: "192.168.1.47 யாருப்பா?" அந்த ஐபி-யை வெச்சிருக்கிற மெஷின் "நான்தான், என் மேக் அட்ரஸ் இது"ன்னு பதில் சொல்லும். கேட்ட மெஷின் அதை ஒரு சின்ன டேபிள்ல குறிச்சு வெச்சுக்கும். இந்தக் கேள்வி பதிலுக்குப் பேருதான் ஏ.ஆர்.பி. டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பர்ல ஆர்.எஃப்.சி. 826-ங்கிற ஆவணமா எழுதி வெச்ச முறை. இன்னிக்கும் உங்க ஹாஸ்டல் வைஃபை வரைக்கும் அதுதான் ஓடுது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். பதில் சொன்னவன் நிஜமாவே 47 தானான்னு சரிபார்க்க அந்த முறையில வழியே கிடையாது. ஐடி கார்டைக் காட்டுன்னு யாரும் கேட்கிறது இல்ல. ரெண்டு பேர் "யெஸ் சார்" சொன்னா, டேபிள்ல ஒரு சமயம் ஒருத்தர் பேர் இருக்கும், இன்னொரு சமயம் அடுத்தவர் பேர் இருக்கும். உங்களுக்கு வரவேண்டிய பாக்கெட் எல்லாம் அவர் வீட்டுக்குப் போயிடும். கம்ப்யூட்டர்கள் இந்த டேபிளை அடிக்கடி புதுப்பிச்சுக்கிறதால, நெட் வர்றதும் போறதுமா கண்ணாமூச்சி ஆடுது. உங்க கேபிள் மேலயும் தப்பு இல்ல, வைரஸ் மேலயும் தப்பு இல்ல!

மார்க் நிறுத்தப்பட்ட கதை

"நெட் கொஞ்சம் ஸ்லோவாகும், அதுக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு கேட்கிறீங்களா? எங்க காலேஜ்ல நடந்ததைக் கேளுங்க.

லினக்ஸ் லேப்ல ஒரு ஆன்லைன் இன்டர்னல் டெஸ்ட். முடிஞ்சதும் சர்வர் லாக்கை எடுத்துப் பார்த்தா, ரெண்டு செகண்ட் இயர் பசங்களோட விடைகள் ஒரே ஐபி-யிலேருந்து வந்திருக்கு. கடைசி நம்பர் 47. சில நிமிஷ இடைவெளிதான். "ஒரே சிஸ்டத்துல உட்கார்ந்து ஒருத்தன் ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கான்"னு முடிவாயிடுச்சு. ரெண்டு பேர் மார்க்கும் நிறுத்தம். வீட்டுல சொல்லி அழைச்சுட்டு வரணும்னு உத்தரவு. அதுல ஒரு பையனோட அப்பா பஸ் டிரைவர். டியூட்டியை மாத்தி விட்டுட்டு, ராத்திரி பயணம் பண்ணி, காலையில டிபார்ட்மென்ட் வாசல்ல வந்து நிக்கிறார். "என் பையன் அப்படிப் பண்ண மாட்டான் சார்"னு சொல்றதைத் தவிர அவர்கிட்ட வேற எந்த ஆதாரமும் இல்ல. எதிர்ல இருந்ததோ பிரின்ட் எடுத்த லாக்!

அந்தப் பசங்க ரெண்டு பேரும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: "சப்மிட் அமுக்கினா சுத்திக்கிட்டே இருந்துச்சு சார். பல தடவை அமுக்கினோம்." சாக்குப்போக்குன்னு விட்டுட்டாங்க. ஆனா, நம்ம மாதிரி ஆளுங்க காதுல அது வேற மாதிரி விழணும். நெட் வந்து வந்து போகுது, ஐபி ஒண்ணு, ஆள் ரெண்டு... மணி அடிக்குதா?

ஹெச்.ஓ.டி. சார்கிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு, லேப் அண்ணாவும் நாங்க நாலு பேரும் இறங்கினோம். டெஸ்ட் நடந்த அன்னிக்கு எந்த எந்த சிஸ்டம் ஓடிச்சோ, எல்லாத்தையும் ஆன் பண்ணினோம். சம்பந்தப்படாத மூணாவது ஒரு சிஸ்டத்துல உட்கார்ந்து, 'ஏஆர்பிங்'ங்கிற கமாண்டை 47-ஐக் குறிவெச்சு ஓட விட்டோம். ஒரு கேள்விக்கு ஒரு பதில் வரணும். வந்தது ரெண்டு! ஒரு மேக் அட்ரஸ் 19-ல முடியுது, இன்னொண்ணு 72-ல முடியுது. லேப் அண்ணா, "அடப்பாவிகளா, ரெண்டு பேர் இருக்கீங்களா!"ன்னு மானிட்டரைப் பார்த்தே கேட்டுட்டார்.

அப்புறம் வெள்ளைத்தாள் வேலை. ஒவ்வொரு சிஸ்டமா போய் மேக் அட்ரஸைப் படிச்சு, சீட் நம்பரோட எழுதினோம். 19 மூணாவது வரிசையில கிடைச்சுது. 72 சுவரோரம் கடைசி சீட். அது சர்வீஸுக்குப் போயிட்டுத் திரும்பி வந்த சிஸ்டம். நல்லா ஓடுற ஒரு மெஷினோட ஹார்ட் டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்து அதுல போட்டிருக்காங்க. கூடவே அந்த மெஷினோட ஐபி-யும் வந்து உட்கார்ந்துடுச்சு. மாத்த வேண்டிய ஒரு வரியை யாரும் மாத்தல. டெஸ்ட் அன்னிக்கு அந்தப் பசங்க ரெண்டு பேருக்கும் ஒதுக்கின சீட்டுகளும் சரியா இதே ரெண்டு!

விண்டோஸா இருந்தா ஆன் ஆகும்போதே "ஐபி கான்ஃப்ளிக்ட்"னு கத்தியிருக்கும். ஆனா, கையால ஐபி போட்டு வெச்ச பல லினக்ஸ் செட்டப்கள்ல இந்தச் செக்கிங் தானா நடக்கிறது இல்ல. ரெண்டும் சத்தமே இல்லாம 47-ஆவே வாழ்ந்திருக்கு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். நாங்க கண்டுபிடிச்சது, அந்தப் பசங்க காப்பி அடிக்கலைன்னு நிரூபிக்கல. 'ஒரே ஐபி-ன்னா ஒரே சிஸ்டம்'னு லாக் சொன்னதா எல்லாரும் நினைச்சாங்களே, அதை லாக் சொல்லவே இல்லைன்னு மட்டும்தான் காட்டிச்சு. ஆனா, அது போதுமா இருந்தது. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரோட விடைகளையும் திறந்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சாங்க. ஒருத்தன் லூப் போட்டிருந்தான், இன்னொருத்தன் ரிகர்ஷன் போட்டிருந்தான். தப்புகள்கூட வேற வேற! மார்க் வெளியே வந்துடுச்சு. "ஐபி ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுன்னுதானேப்பா நெனைச்சேன்"னு சொன்ன சார், அந்த அப்பாவை கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் காபி வாங்கிக் கொடுத்தார்.

நீங்களே துப்பறியலாம்!

இப்ப உங்க டர்ன். வரிசை முக்கியம், மாத்திடாதீங்க.

ஒண்ணு: அவசரப்பட்டு ஐபி-யை மாத்தாதீங்க. மாத்தினா பிரச்னை மறைஞ்சுடும், திருடன் தப்பிச்சுடுவான். நாளைக்கு வேற யாராவது அதே நம்பர்ல மாட்டுவாங்க. முதல்ல நேரத்தையும் ஐபி-யையும் எழுதி வைங்க.

ரெண்டு: உங்க மெஷின்கிட்டயே கேளுங்க. விண்டோஸ்ல 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடிச்சா, மோதல் இருக்கிற ஐபி பக்கத்துல 'டூப்ளிகேட்'னு காட்டும். உங்க ஐபி திடீர்னு 169.254-ல ஆரம்பிச்சா அதுவும் ஒரு தடயம். வேற அட்ரஸ் இல்லாம மெஷின் தனக்குத்தானே ஒண்ணு வெச்சுக்கிட்டதுன்னு அர்த்தம். ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்கைத் திறந்து 4199-ங்கிற நம்பரைத் தேடுங்க. எந்த ஐபி, எதிராளியோட மேக் அட்ரஸ் என்னன்னு அதுலயே எழுதியிருக்கும். பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சுடும்!

மூணு: உங்க கேபிளைக் கழட்டிட்டு, பக்கத்து சிஸ்டத்துலேருந்து உங்க ஐபி-க்கு 'பிங்' பண்ணுங்க. நீங்கதான் நெட்வொர்க்லயே இல்லையே, பதில் வந்தா? அதான் ஆவி! பதில் வரலைன்னாலும் விட்டுடாதீங்க. ஃபயர்வால் 'பிங்'குக்கு வாயை மூடிக்கும், ஆனா ஏ.ஆர்.பி. கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும். அதனால உடனே 'ஏஆர்பி -ஏ' அடிச்சு, அந்த ஐபி-க்கு நேரா எந்த மேக் அட்ரஸ் இருக்குன்னு பாருங்க. அது உங்களோடதா இல்லைன்னா ஆள் சிக்கிட்டான். கழட்டின கையோட பார்த்தா டேபிள்ல உங்க பழைய அட்ரஸே இருக்கலாம். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க.

நாலு: லினக்ஸ்னா 'ஏஆர்பிங்' இருக்கவே இருக்கு. அதுல '-பி' சேர்த்துக்குங்க. சேர்க்கலைன்னா, முதல்ல பதில் சொன்ன மெஷினையே அடுத்தடுத்துத் தனியா கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கும். சேர்த்தா ஒவ்வொரு தடவையும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும், ரெண்டாவது ஆளும் திரும்பத் திரும்பக் கை தூக்குவான். ஒயர்ஷார்க் தெரிஞ்சவங்களுக்கு இன்னும் சுலபம். ஒரே ஐபி-க்கு ரெண்டு மேக் வந்தா 'டூப்ளிகேட் ஐபி'ன்னு அதுவே கொட்டை எழுத்துல எச்சரிக்கும்.

அஞ்சு: மேக் அட்ரஸோட முதல் பாதியை வெச்சு கம்பெனியைப் பாருங்க. பிரின்டர் கம்பெனி பேர் வந்தா பிரின்டரைத் தேடுங்க. சிசிடிவி கம்பெனின்னா கேமரா பெட்டி. கம்ப்யூட்டரை மட்டும்தான் சந்தேகப்படணும்னு எந்தச் சட்டமும் இல்ல. பயோமெட்ரிக் மெஷின், புரொஜெக்டர்னு ஐபி இருக்கிற எல்லாருமே சந்தேக லிஸ்ட்ல உண்டு.

ஆறு: ஆள் எங்கேன்னு பிடிக்கணுமே? அட்மின் வசதி உள்ள ஸ்விட்ச்சா இருந்தா, எந்த மேக் அட்ரஸ் எந்த போர்ட்ல வருதுன்னு அதுலயே ஒரு பட்டியல் இருக்கும். லேப் இன்சார்ஜைத்தான் பார்க்கச் சொல்லணும். அந்த போர்ட்லேருந்து கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போனா ஆள் கையும் களவுமா சிக்குவார். சாதாரண ஸ்விட்ச்னா தாத்தா காலத்து டெக்னிக்: ஒரு பக்கம் 'பிங் -டி' ஓடிக்கிட்டே இருக்கட்டும், இன்னொரு பக்கம் ஒவ்வொரு கேபிளா கழட்டி மாட்டுங்க. எதைக் கழட்டும்போது பதில் நிக்குதோ, அதான் முகவரி!

ஒரு கண்டிஷன். இது எல்லாமே ஒரே லேனுக்குள்ள இருந்தாத்தான் நடக்கும். ஏ.ஆர்.பி. குரல் ரவுட்டரைத் தாண்டிப் போகாது. லேப் பிரச்னையை ஹாஸ்டல் ரூம்லேருந்து தேடினா ஒண்ணும் கிடைக்காது. அப்புறம் பாஸ், அனுமதி வாங்கிட்டு இறங்குங்க. அடுத்தவங்க கேபிளைக் கழட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க. ஃபைனல் இயர் அக்கா ஒருத்தங்க புராஜெக்ட் டவுன்லோடு போட்டு வெச்சிருக்கலாம்!

யார் யார் சந்தேகத்துக்குரியவங்க?

நம்பர் ஒன் குற்றவாளி: டி.ஹெச்.சி.பி. தானா பிரிச்சுக் கொடுக்கிற எல்லைக்குள்ளேயே யாரோ கையால போட்டு வெச்ச ஐபி. கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு 'பிங்' அடிச்சுப் பார்க்கணும்னு 1997-ல வந்த டி.ஹெச்.சி.பி. விதியே சொல்லுது. ஆனா, அந்த நேரத்துல அந்த மெஷின் ஆஃப்ல இருந்தா? "காலி"ன்னு நெனைச்சு வேற ஆளுக்குக் கொடுத்துடும்.

ரெண்டாவது: ஹாஸ்டல்ல யாரோ ஒரு புண்ணியவான் ரூம்ல மாட்டின சொந்த ரவுட்டர். மெயின் கேபிளைத் தப்பான ஓட்டைக்குள்ள செருகிட்டா, அதுவும் தன் பங்குக்கு எல்லாருக்கும் ஐபி தானம் பண்ண ஆரம்பிச்சுடும். ஒரு கல்யாணத்துல ரெண்டு பேர் மொய் நோட்டு வெச்சு எழுதுற மாதிரி!

மூணாவது: காப்பி எடுத்த டிஸ்க், காப்பி எடுத்த வர்ச்சுவல் மெஷின். இதுல ஒரு விஷமம் இருக்கு. மேக் அட்ரஸை மாத்தினாக்கூட, உபுன்டு மாதிரி சில லினக்ஸ்கள்ல 'மெஷின் ஐடி'ங்கிற உள் அடையாளம் ஒண்ணா இருந்தா, டி.ஹெச்.சி.பி. சர்வர் ரெண்டையும் ஒரே ஆள்னு நெனைச்சு ஒரே ஐபி-யைக் கொடுத்துடும்.

நாலாவதுதான் விவகாரமானது. ரெண்டு மேக் அட்ரஸ் காட்டுற ஐபி உங்க கேட்வேயோடதா இருந்தா உஷார்! எல்லார் டிராஃபிக்கும் அந்த வழியாத்தான் வெளியே போகுது. தெரியாம வந்த மோதலாவும் இருக்கலாம், யாராவது வேணும்னே நடுவுல புகுந்து ஒட்டுக்கேட்கிறதாவும் இருக்கலாம். அங்கே ஹீரோயிசம் வேணாம், உடனே அட்மின்கிட்ட சொல்லிடுங்க.

இப்ப வர்ற மெஷின்கள் கொஞ்சம் உஷார்தான். 2008 ஜூலையில ஸ்டூவர்ட் செஷையர் எழுதின ஆர்.எஃப்.சி. 5227 என்ன சொல்லுதுன்னா, ஒரு ஐபி-யைப் பயன்படுத்துறதுக்கு முன்னாடி "இது யாருக்காவது இருக்கா?"ன்னு மூணு தடவை கேட்டுப் பாரு. கேட்கும்போது உன் ஐபி இடத்துல 0.0.0.0-ன்னு போடு, மத்தவங்க டேபிளைக் குழப்பாதே. பஸ்ல துண்டைப் போடுறதுக்கு முன்னாடி "சார், இங்கே யாராவது வர்றாங்களா?"ன்னு கேட்கிற மரியாதை! ஆனா, கேட்காத மெஷின்கள் இன்னும் நிறைய இருக்கே!

வராம தடுக்க வழி இருக்கா? சிம்பிள். 1 முதல் 50 வரை கையால போடுறதுக்கு, 100 முதல் 200 வரை டி.ஹெச்.சி.பி.-க்குன்னு எல்லையைப் பிரிச்சிடணும். பிரின்டர் மாதிரி நிரந்தரக் குடித்தனக்காரங்களுக்கு டி.ஹெச்.சி.பி.-யிலயே மேக் அட்ரஸைச் சொல்லி ரிசர்வ் பண்ணிடலாம். டிஸ்க்கைக் காப்பி பண்ணினா ஐபி, பேர், மெஷின் ஐடி மூணையும் மாத்தணும். ஒவ்வொரு சிபியு மேலயும் சீட் நம்பர், மேக் அட்ரஸோட ஒரு ஸ்டிக்கர்!

ஸ்டிக்கர் ஒட்டிட்டாலும் ஒண்ணை மறந்துடாதீங்க. மேக் அட்ரஸும் மனுஷன் இல்ல. அதையும் மாத்தலாம். 2019-ல வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலே போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் அட்ரஸைத்தான் காட்டுது. ஐபி ஒரு மெஷினைக் காட்டலாம், மேக் ஒரு கார்டைக் காட்டலாம், போர்ட் ஒரு கேபிளைக் காட்டலாம். அந்தக் கேபிள் முனையில உட்கார்ந்திருந்தது யாருன்னு எந்த லாக்கும் சொல்லாது. நேர்ல போய்ப் பார்த்து, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

நம்மள்ல பல பேர் இன்னும் ரெண்டு வருஷத்துல ஏதாவது ஒரு கம்பெனியில லாக் பார்க்கிற சீட்டுல உட்காரப் போறோம். ஒரு ஐபி-யைப் பார்த்து "இவன்தான்"னு விரல் நீட்டுற அதிகாரம் நம்ம கைக்கு வரும். அப்ப, விரலை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஏ.ஆர்.பி. டேபிளைப் பார்த்துடுங்க மக்களே. ரெண்டு 'யெஸ் சார்' கேட்டாலும் கேட்கும்!